“நடு மாதம் சுகமான மாதம்” என்கிறார்களே, அக்கா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நான்கு, ஐந்து, ஆறாம் மாதத்தில் இருக்கும் பெண்களுடையவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவக் கணக்கில் இது 14-ஆம் வாரத்திலிருந்து 27-ஆம் வாரம் முடிய உள்ள காலம். மாதக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், சிலர் நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுவார்கள், சிலர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார்கள். அதனால் பதில்களில் வாரத்தைத்தான் சொல்லியிருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் பல வருடம் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். மருத்துவர் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம் என்பதை என்னால் சொல்ல முடியும்.

கேள்வி: அக்கா, எனக்கு 18 வாரம். மூன்று மாதம் முடிந்ததும் வாந்தி நின்றுவிடும், அப்புறம் நன்றாகப் பசிக்கும், முகம் பளபளவென்று ஆகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இன்னும் காலையில் வாந்தி, சாயங்காலம் குமட்டல். நடு மாதம்தான் சுகமான மாதம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ குறை என்று தோன்றுகிறது. வீட்டில் “இன்னுமா?” என்று கேட்கிறார்கள்.

பதில்: குறை ஒன்றும் இல்லை. மசக்கை பலருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்குகிறது, அதனால் நீங்கள் இன்னும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் நீடிப்பவர்கள் உண்டு, கடைசி வரை விடாதவர்களும் உண்டு. நம் மனசு பலவீனமாக இருப்பதால் வருவது இல்லை இது. கர்ப்ப காலத்தில் குழந்தையின் பக்கமிருந்து வரும் ஜி.டி.எஃப். 15 என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கூடுகிறது. கர்ப்பத்துக்கு முன்பே அந்த ஹார்மோனுக்குப் பழக்கப்படாத உடம்புக்கு வாந்தி கடுமையாக வருகிறது என்று 2023 டிசம்பரில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. “இன்னுமா?” என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் “எல்லோருக்கும் வருவதுதானே” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய வாந்தி மாத்திரைகள் இருக்கின்றன. டாக்ஸிலமைனும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரை பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. மருத்துவரிடம் வாய் திறந்து கேட்டால்தான் எழுதித் தருவார். தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க உள்ளே நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, எடை இறங்குகிறது என்றால் அன்றே போய்விடுங்கள். ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

சுகமான மாதம் என்பது பலருடைய அனுபவம், அதில் பொய் இல்லை. உங்களுடையது அப்படி இல்லை, அவ்வளவுதான். என் முதல் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது, இரண்டாவதற்கு அதே ஐந்தாம் மாதத்தில் சமையலறைப் பக்கமே போக முடியவில்லை. ஒரே உடம்பிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் ஊரில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி எப்படி இருக்கும்?

கேள்வி: முதல் குழந்தை. 19 வாரம் முடிந்துவிட்டது, இன்னும் அசைவு தெரியவில்லை. என் ஓரகத்திக்கு 16 வாரத்திலேயே தெரிந்ததாம். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன் அக்கா. ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் பயம் போகவில்லை.

பதில்: ஓரகத்திக்கு அது எத்தனையாவது குழந்தை என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 16 வாரத்திலேயே தெரிவது உண்டு, ஏனென்றால் அது என்ன உணர்வு என்று அவர்களுக்கு முன்பே தெரியும். முதல் முறை என்றால் 18 முதல் 20 வாரம், சிலருக்கு அதையும் தாண்டும். பிள்ளை உள்ளே எட்டாவது வாரத்தைத் தாண்டியதிலிருந்தே அசைந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்கேன் திரையில் பார்த்திருப்பீர்கள், கையைக் காலை வீசிக்கொண்டு புரளும். நமக்குத் தெரியும் அளவுக்கு அந்த உதையில் பலம் சேர நாளாகிறது.

இன்னொன்று, உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிளாசென்டா ஆன்டீரியர்’ என்று இருக்கிறதா பாருங்கள். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, கர்ப்பப்பையின் முன்சுவரில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அது நோய் இல்லை, ஓர் இடம், அவ்வளவுதான். பிள்ளைக்கும் உங்கள் வயிற்றுத் தோலுக்கும் நடுவில் ஒரு மெத்தை போட்டது மாதிரி ஆகிவிடுவதால் முன்பக்க உதைகள் வெளியே வராது. அடிவயிற்றிலும் பக்கவாட்டிலும்தான் முதலில் தெரியும், அதுவும் மற்றவர்களைவிடத் தாமதமாக.

அப்புறம், எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். உதை என்றால் உள்ளிருந்து யாரோ தட்டுவது போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். முதலில் வருவது அது இல்லை. நீர்க்குமிழி உடைவது போல, வயிற்றுக்குள் வாயு நகர்வது போல, சில நேரம் இமை துடிப்பது போலத்தான் இருக்கும். வாயு என்று நினைத்து விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து “அட, அது அப்போதே வந்திருக்கிறதே” என்று உணர்பவர்கள்தான் அதிகம். நாள் முழுக்க நடந்துகொண்டும் வேலை செய்துகொண்டும் இருக்கும்போது தெரியாது. சாயங்காலம் சும்மா படுத்திருக்கும்போது கவனித்தால் பிடிபடலாம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

ஒரு நாள் தெரியும், அடுத்த இரண்டு நாள் தெரியாது. இந்த வாரங்களில் அது சாதாரணம். எண்ணி நோட்டில் எழுதும் வேலையெல்லாம் இப்போது வேண்டாம், அது மனசைத்தான் கலக்கும். நினைவில் வைக்க வேண்டிய எல்லை ஒன்றுதான்: 24 வாரம் வந்தும் ஒரு அசைவுகூட உணரவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய் இதயத்துடிப்பைப் பார்த்துவிட வேண்டும். அசைவு தெரிய ஆரம்பித்து, அதற்கென்று ஒரு வழக்கம் படிந்த பிறகு (உதாரணமாக இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆட்டம் அதிகம் என்று உங்களுக்கே புரிந்துவிடும்) அந்த வழக்கம் திடீரென்று குறைந்தாலும் நின்றாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. அன்றே, அந்த நேரமே போக வேண்டும். “சும்மா வந்துவிட்டோமோ” என்று கூச்சப்படாதீர்கள். அப்படிச் சும்மா வந்தவர்களைத் திருப்பி அனுப்பும்போது எங்களுக்கெல்லாம் மனசு நிறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: 20-ஆம் வார ஸ்கேனுக்குப் போனோம். குழந்தையின் இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது, நஞ்சும் கீழே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவரைப் பார்க்க நான்கு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அந்த நான்கு நாளும் நானும் கணவரும் போனில் தேடித் தேடிப் படித்துப் பாதி உயிராகிவிட்டோம். மருத்துவர் “பயப்பட ஒன்றுமில்லை” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை, அம்மா.

பதில்: போதாதுதான். பயந்து போயிருக்கிறவர்களுக்குக் காரணத்தோடு சொன்னால்தான் மனசு ஆறும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் என்ன என்றால், இதய அறைக்குள் வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னத் தசையில் துளியளவு சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பது. ஸ்கேன் ஒலி அதில் பட்டுப் பலமாகத் திரும்புவதால் எலும்பு போல வெள்ளையாகத் தெரிகிறது. அது ஓட்டை இல்லை, இதயம் வேலை செய்வதை அது தடுப்பதில்லை. நல்ல ஆரோக்கியமான கர்ப்பங்களிலேயே 100-க்கு 3 முதல் 5 பேருக்கு இது தெரிகிறது. பிறகு ஏன் எழுதுகிறார்கள்? டவுன் சின்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறு இருக்கும் குழந்தைகளிடம் இந்தப் புள்ளி சற்று அதிகமாகக் காணப்படுகிறது, அதனால்தான். நீங்கள் முதல் மூன்று மாதத்தில் ரத்தப் பரிசோதனையும் கழுத்துப் பின்புற நீர் அளவு பார்க்கும் ஸ்கேனும் செய்து அதில் ஆபத்து குறைவு என்று வந்திருந்தால், இப்போதைய ஸ்கேனில் வேறு எதுவும் இல்லை என்றால், இந்த ஒற்றைப் புள்ளியை வைத்து மேலே எதுவும் செய்யத் தேவையில்லை என்றுதான் மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். உங்கள் மருத்துவர் அந்த ஒரு வரியில் சொல்ல வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பழைய பரிசோதனை செய்யவே இல்லை என்றால் மட்டும் அவரிடம் சொல்லி, இப்போது எந்த ரத்தப் பரிசோதனை பொருந்தும் என்று கேளுங்கள்.

நஞ்சு விஷயம். 20-ஆம் வாரத்தில் கர்ப்பப்பை இன்னும் சிறியது, தொப்புள் அளவுக்குத்தான் வந்திருக்கும். அதன் கீழ்ப்பாகம் பிந்திய வாரங்களில்தான் விரிகிறது. அது விரிய விரிய நஞ்சு வாய்ப்பகுதியிலிருந்து விலகி மேலே போகிறது. இந்த வாரத்தில் கீழே இருப்பதாகச் சொல்லப்படுபவர்களில் 10-க்கு 9 பேருக்குப் பிரசவத்துக்குள் அது விலகிவிடும். 32 வாரம் வாக்கில் மறுபடி ஒரு ஸ்கேன் பார்ப்பார்கள், அதுவரை இது முடிவான செய்தி இல்லை. முன்பு சிசேரியன் ஆனவராக இருந்தால் மட்டும் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், அதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். நடுவில் சொட்டு ரத்தம் பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனை. தாம்பத்திய உறவு வைத்துக்கொள்ளலாமா என்று கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் நிலைமையைப் பொறுத்துத் தவிர்க்கச் சொல்லலாம்.

ஸ்கேன் அறையில் என்ன பார்க்கிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறையும் என்பது என் அபிப்பிராயம். மூளை, முகம், உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், வயிறு, சிறுநீரகம், கை கால், பனிக்குட நீர், நஞ்சு இருக்கும் இடம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளப்பார்கள். பிள்ளை திரும்பிப் படுத்திருந்தால் ஒன்றிரண்டு சரியாகத் தெரியாது, “கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்” என்பார்கள், அல்லது வேறொரு நாள் வரச் சொல்வார்கள். அப்படிச் சொன்னாலே ஏதோ இருக்கிறது என்று நினைத்து அழுதுகொண்டு வெளியே வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு அர்த்தம், பிள்ளை முகத்தைக் காட்டவில்லை என்பதுதான். அதே சமயம், எந்த ஸ்கேனும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: 22 வாரம். பல் துலக்கினால் ஈறில் ரத்தம், மூக்கைச் சிந்தினாலும் ரத்தம். ஜலதோஷமே இல்லாமல் மூக்கடைப்பு வேறு. ரத்தத்தில் ஏதாவது கோளாறா?

பதில்: கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடிவிடுகிறது. ஹார்மோனால் மூக்குக்குள்ளும் ஈறிலும் உள்ள மெல்லிய சவ்வு வீங்கி, லேசாகப் பட்டாலே கசியும். மென்மையான பிரஷ் வாங்குங்கள், துலக்குவதை நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரிடம் போக இதுவே நல்ல காலம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து மூக்கின் மென்பகுதியைப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அதற்கு மேலும் நிற்கவில்லை என்றால், அல்லது உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன தழும்புகள் தெரிந்தால் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஹீமோகுளோபின் 12-இல் இருந்தது 24-ஆம் வாரத்தில் 10.6 ஆகிவிட்டது. மாத்திரை சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமியார் சொல்கிறார். ஒருநாளும் விடாமல்தான் சாப்பிடுகிறேன். மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் உயிரை எடுக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். மேலே சொன்னேன் அல்லவா, ரத்தம் கூடுகிறது என்று. அதில் நீர்ப்பகுதி வேகமாகக் கூடுகிறது, சிவப்பணுக்கள் மெதுவாகக் கூடுகின்றன. அதனால் நடு மாதங்களில் எல்லோருக்குமே ஹீமோகுளோபின் எண் இறங்கும். உலக சுகாதார நிறுவனம்கூட முதல் மூன்று மாதத்துக்கு 11 என்றும் நடு மூன்று மாதத்துக்கு 10.5 என்றும் வரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் வரம்பை ஒட்டி இருக்கிறீர்கள், கீழே போகவில்லை. மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், அவரும் அக்கறையில்தான் சொல்கிறார்.

இனிமேல்தான் பிள்ளை உங்கள் சேமிப்பிலிருந்து இரும்பை நிறைய எடுத்துக்கொள்ளும், அதனால் மாத்திரை முக்கியம். மலம் கறுப்பாவது மாத்திரையால்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரையைக் காப்பி, தேநீர், பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பலர் இரவில் எல்லா மாத்திரையையும் ஒன்றாகப் போட்டு விழுங்கிவிடுகிறார்கள், அது வீண். வைட்டமின் சி உள்ள பழம் ஒன்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும்.

மலச்சிக்கலுக்கு மாத்திரை மட்டும் காரணம் இல்லை, கர்ப்ப ஹார்மோன் குடலையே மந்தமாக்குகிறது. தண்ணீர், நார்ச்சத்து, தினமும் கொஞ்ச தூரம் நடை. இவற்றில் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு வகை இரும்பு தரலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம், மலம் இளகுவதற்குப் பாதுகாப்பான மருந்தும் இருக்கிறது. நீங்களாகவே விட்டுவிட்டு “சாப்பிடுகிறேன்” என்று சொல்வதுதான் ஆபத்து.

கேள்வி: மேடம், நான் ஓர் ஆண். என் மனைவிக்கு ஆறாம் மாதம் தொடங்கியிருக்கிறது. முதல் மூன்று மாதம் உடம்பு படுத்தியபோதுகூட உற்சாகமாக இருந்தாள். இப்போது வாந்தி இல்லை, ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. காரணம் கேட்டால் “ஒன்றுமில்லை” என்கிறாள், பிறகு குளியலறையில் அழுகிறாள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதில்: எழுதிக் கேட்டதற்கு நன்றி, தம்பி. இந்தப் பகுதிக்கு ஆண்கள் எழுதுவது குறைவு.

அழுகை ஒன்றிரண்டு நாள் வந்து போனால் அது ஹார்மோன், களைப்பு, தூக்கக் குறைவு, வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஊரே தொட்டுப் பார்த்து யோசனை சொல்வது, இப்படி ஏதாவது இருக்கும். ஆனால் நீங்கள் சொல்வது போலப் பேச்சே குறைந்து, பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய், தூக்கமும் சாப்பாடும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வு என்று சந்தேகிக்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றிப் பேசுகிறோம், வயிற்றில் இருக்கும்போதே வருவதைப் பற்றிப் பேசுவதில்லை. உலக அளவில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10-இல் ஒருவருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் அதிகம் மனச்சோர்வுதான். எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருக்கும் வீட்டிலும் வரும். “உனக்கு என்ன குறை?” என்ற கேள்வி இங்கே மிகவும் காயப்படுத்தும், தயவுசெய்து அதை மட்டும் கேட்காதீர்கள், வீட்டில் வேறு யாரையும் கேட்க விடாதீர்கள்.

“ஒன்றுமில்லை” என்று அவர் சொன்னால் “சரி” என்று எழுந்து போய்விடாமல் பக்கத்தில் உட்காருங்கள். யோசனை சொல்ல வேண்டாம். “நீ அழுவது எனக்குத் தெரிகிறது, நான் இருக்கிறேன், நாம் மருத்துவரிடம் சேர்ந்தே போகலாம்” என்றால் போதும். அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உள்ளே போங்கள். எடை, பிபி, ஸ்கேன் என்று பேச்சு ஓடிவிடும், மனசைப் பற்றி நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பேச்சு சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. அவர் முன்பிருந்தே ஏதாவது மனநல மருந்து சாப்பிட்டு, குழந்தைக்காகத் தானாக நிறுத்தியிருக்கிறாரா என்றும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். திடீரென்று நிறுத்துவதால் இப்படி ஆவது உண்டு. செத்துப்போகலாம் போல இருக்கிறது, எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன் என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் தனியாக விடாதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள்.

இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. 25, 26 வாரம் வாக்கில் பிள்ளை வெளிச் சத்தத்துக்கு அசைந்து பதில் சொல்ல ஆரம்பிக்கும். நீங்கள் பேசும் குரலும் அதன் காதில் விழும். தினமும் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையிடம் பேசுங்கள், அவருக்கும் அந்த நேரம் துணையாக இருக்கும். சிகிச்சைக்குப் பதிலாக இல்லை, அதோடு சேர்த்து.

கேள்வி: போன வருடம் 21-ஆம் வாரத்தில் வலியே இல்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்து என் மகளை இழந்தேன். இப்போது மறுபடி 17 வாரம். எல்லோரும் சந்தோஷமாக இரு என்கிறார்கள். என்னால் முடியவில்லை. இந்தக் குழந்தைக்கு ஒரு துணிகூட வாங்கவில்லை. வயிற்றில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. நான் இந்தப் பிள்ளையை நேசிக்கவில்லையோ?

பதில்: நேசிக்காதவளுக்கு இவ்வளவு பயம் வராதம்மா. இழந்த மகளுக்காக அழுதுகொண்டே வரப்போகும் பிள்ளைக்காகக் காத்திருக்கலாம். இரண்டும் ஒரே மனசுக்குள் இருக்க முடியும். அந்த 21-ஆம் வாரம் கடக்கும்வரை இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும், கடந்த பிறகும் உடனே போய்விடாது. சந்தோஷமாக இருந்து காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. துணி வாங்காமல் இருப்பதால் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது, எப்போது தோன்றுகிறதோ அப்போது வாங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் செய்யக்கூடிய மருத்துவம் இருக்கிறது, அதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது கொஞ்சம் பிடிமானம் தரும். வலியில்லாமல் வாய் திறந்த அனுபவம் உள்ளவர்களுக்கு 16 முதல் 24 வாரம் வரை கர்ப்பப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில் அடிக்கடி அளப்பார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தையல் போடுவது, புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மருந்து வைப்பது பற்றி முடிவெடுப்பார்கள். சிலருக்குப் பழைய வரலாற்றை வைத்தே 12 முதல் 14 வாரத்தில் முன்கூட்டித் தையல் போட்டுவிடுவதும் உண்டு. உங்களுக்கு இதில் எது திட்டம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? சொல்லவில்லை என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் கேளுங்கள். “என் கர்ப்பப்பை வாயின் நீளம் இப்போது எவ்வளவு, அடுத்து எப்போது அளப்பீர்கள், எந்த அளவுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்” என்று மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். போன முறை நடந்தது முழுவதும் அவருக்குத் தெரியுமா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள், மருத்துவமனை மாறியிருந்தால் பழைய காகிதங்கள் கையில் இருக்கட்டும்.

அடிவயிற்றில் கனம், இடுப்பில் மந்தமான வலி, வெள்ளைப்படுதல் திடீரென்று அதிகமாவது அல்லது நீர் போலவோ சளி போலவோ லேசாகச் சிவந்தோ வருவது, இவற்றில் எதற்கும் மற்றவர்களைப் போல நீங்கள் பொறுத்திருந்து பார்க்க வேண்டாம். எத்தனை முறை போனாலும் பரவாயில்லை. யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மகளுக்குப் பெயர் வைத்திருந்தீர்களா என்று எழுதவில்லை. வைத்திருந்தால் அந்தப் பெயரை வீட்டில் சொல்லிப் பேசுங்கள். அதைப் பேசினால் இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 24 வாரம் தாண்டியதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: 21 வாரம், உட்கார்ந்து எழுந்தாலோ தும்மினாலோ அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று குத்துகிறது. சில நேரம் வயிறு முழுவதும் கல் மாதிரி இறுகி விடுகிறது. இது பொய்வலியா, நிஜ வலியா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குத்துவது பெரும்பாலும் கர்ப்பப்பையை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார். கர்ப்பப்பை வளரும்போது அது நீள்கிறது, சட்டென்று அசைந்தால் சுண்டி இழுக்கும். சில நொடியில் போய்விடும். மெதுவாக எழுங்கள், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள், தும்மல் வரும்போது இடுப்பை லேசாக முன்னால் மடக்கிக்கொள்ளுங்கள்.

வயிறு இறுகுவது பொய்வலியாக இருக்கலாம், 1872-இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். அது ஒழுங்கில்லாமல் வரும், தண்ணீர் குடித்துப் படுத்தாலோ நிலையை மாற்றினாலோ அடங்கும், நேரம் ஆக ஆகக் கூடாது. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், இடுப்பிலிருந்து முன்னால் பரவினால், கூடவே ரத்தமோ நீரோ பட்டால், காய்ச்சலோ சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ இருந்தால் அது பொய்வலி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். சிறுநீர்த் தொற்று ஒன்று போதும், முன்கூட்டியே வலியைக் கிளப்பிவிடும்.

வலி பற்றிய கேள்விக்கு நடுவில் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் யாரும் இதைக் கேட்டு எழுதவில்லை. 20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்ணில் மின்னல் போலத் தெரிவது அல்லது மங்குவது, விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவை ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். பிபி 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். கால் மட்டும் சாயங்காலம் லேசாக வீங்குவது வேறு, அது பலருக்கும் உண்டு. தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டுப் படுத்துவிடலாம் என்று இந்த மாதங்களில் இருக்காதீர்கள்.

கேள்வி: தூக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டேன் அக்கா, விழித்ததும் பதறிவிட்டேன். 23 வாரம். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? இடது பக்கம் மட்டும்தான் படுக்க வேண்டுமா?

பதில்: ஒன்றும் ஆகியிருக்காது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது 28 வாரத்துக்கு மேல்தான் முக்கியமாகிறது. அப்போது கர்ப்பப்பையின் கனம் முதுகுப் பக்கம் உள்ள பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இப்போதிலிருந்தே பழகிக்கொண்டால் நல்லது, அவ்வளவுதான். இடது, வலது இரண்டும் சரி. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று வைத்துப் பாருங்கள். ராத்திரி விழித்தால் மறுபடி ஒருக்களித்துத் தூங்கிவிடுங்கள். கெண்டைக்கால் பிடித்து இழுத்து விழிப்பவர்களும் எழுதியிருந்தீர்கள்: முழங்காலை நீட்டிக் கால் விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள், ரத்தக்கட்டா என்று உடனே பார்க்க வேண்டும்.